வீடு வீடாகப் போன படம்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை வண்டி வந்து அம்மா வரைந்த படத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும் என்பது நவம்பரிலேயே முடிவாகியிருந்தது. ஜப்பானின் நீகாதா நகரத்துக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஒருவர், கடலோரத்தில் தான் கட்டும் ஓட்டலின் முன்கூடத்துக்கு அது வேண்டும் என்று கேட்டார். அம்மா சம்மதித்தாள். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாள். எங்கள் ஊர் அதைப் பார்த்த பிறகுதான் தருவேன் என்றாள்.

"சின்ன ஊர்தானே, ஒரு மணி நேரத்துல எல்லாரும் பாத்து முடிச்சுருவாங்க" என்று அவர் சிரித்தார்.

அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது.

படம் என்று சொன்னாலும், உண்மையில் அது வரிசையாக நிற்க வேண்டிய பலகைகள். ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல் கதவளவு இருக்கும். எங்கள் ஊரான ஓசுகியின் மேட்டுச் சாலையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பலகை. சேர்த்து வைத்தால் ஜனவரி மாதத்துச் சாலை முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வந்துவிடும். பலகைமேல் தாள் ஒட்டி, அரைத்த கல்பொடியை, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் குழைத்து அம்மா வரைவாள். சாலையின் சிவப்புக்கு மட்டும் அவள் கடைப்பொடி வாங்கவில்லை. பனியைக் கரைக்க நடுச்சாலைக் குழாய்களிலிருந்து பீய்ச்சும் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம். அது படிந்து படிந்து எங்கள் சாலையே துரு நிறம். அந்தக் குழாயடியில் சுரண்டி எடுத்த மண்ணைத்தான் அரைத்துப் பூசியிருந்தாள்.

அப்பா மண்பாண்டம் செய்கிறார். நான் மரக்கட்டை செதுக்கி வாழ்த்து அட்டைகள் அச்சடிக்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் மூன்று பேரும் கண்காட்சிக்குப் பின் கண்காட்சியாக அலைந்தோம். நவம்பரில் நீகாதா, டிசம்பர் தொடக்கத்தில் மலையடி நகரம், கடைசியாக எங்கள் ஊர். நகரத்தில் வருகிறவர்கள் மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, மூக்கு இடிக்கிற அளவுக்குப் படத்தை நெருங்கிப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் கண்காட்சிக்கு வருவது கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் வருவது மாதிரி. கையில் ஏதாவது கொண்டுவருவார்கள். வாசற்படியில் நின்று குனிவார்கள். வருகைப் புத்தகத்தில் தூரிகையால் பேர் எழுதுவார்கள். "பெரிய வேலை, ரொம்பச் சிரமப்பட்டிருப்பீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்தரைமேல் ஏறினால் அல்லவா சுவரில் மாட்டியது தெரியும்? போன வருடம் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஒருவர்கூடக் கழற்றவில்லை. பள்ளிச் சமையலறையில் வேலை செய்யும் ஹிசாயோ அக்கா, கண்ணில் படம் பட்டுவிடக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஏன் பார்க்கவில்லை என்று பிறகொரு நாள் அம்மா அவளிடமே கேட்டாள். 

"பாத்தா ஏதாவது சொல்லணும்ல" என்றாள் ஹிசாயோ அக்கா. "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியாது. தப்பா ஏதாவது சொல்லிவெச்சா உனக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

அம்மா அன்று ஊறுகாய்க்கு வாங்கிவைத்த முள்ளங்கியை எல்லாம் ஒரே மூச்சில் நறுக்கித் தள்ளினாள். இந்த வருடம் ஓட்டல்காரர் கேட்டபோதுதான் மனதில் இருந்ததைச் சொன்னாள். "ஊர்ல எல்லார் வீட்டையும் வரைஞ்சிருக்கேன். அவங்க பாக்காம எடுத்துட்டுப் போனா திருடிட்டுப் போற மாதிரி."

எனவே இந்த முறை பொதுக்கூடம் வேண்டாம், அப்பாவின் சூளைக் கொட்டகை என்று முடிவு செய்தாள். அங்கே மண்தரை. பூட்ஸைக் கழற்ற வேண்டியதில்லை. அப்பா அலமாரிகளை ஓரம் கட்டி, சாம்பலைக் கூட்டி, மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தார். நான் க்ரீமும் ஸ்ட்ராபெர்ரியும் வைத்துப் பெரிய கேக் ஒன்று செய்தேன்.

"கேக் மேசையை அந்தக் கடைசியில போடு" என்றாள் அம்மா. "படம் முழுக்கத் தாண்டி நடந்தாத்தான் கேக்."

"எலிப்பொறி மாதிரியே இருக்கு" என்றார் அப்பா.

"எலி வந்தா சரி."

வீட்டுக்கு வீடு கைமாறும் அறிவிப்புக் கோப்பில் என் அச்சு அட்டையைச் செருகி அனுப்பினோம். கிறிஸ்துமஸ் அன்று காலை முதல், சூளைக் கொட்டகையில். கோப்பு, படித்ததற்கு அடையாளமாக எல்லா வீட்டு முத்திரையும் விழுந்து திரும்பி வந்தது.

அன்று காலை முதல் ஆளாக வந்தவர் குவாபாரா. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. இந்த வருடம் ஊர்க்குழுத் தலைவர் முறை அவருடையது. முழங்கால்வரை விழுந்திருந்த பனியில் ஒரு சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு, மூச்சு வெள்ளையாகப் பறக்க வந்து நின்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

சறுக்குப் பலகையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். மண் ஒட்டிய முள்ளங்கிகள், உப்பில் ஊறிய ஒரு முழு சால்மன், வாழ்த்துத் தாள் சுற்றிய சாராயப் புட்டி, இன்னும் சூடு ஆறாத பொரித்த கோழிப் பொட்டலம். கொட்டகை வாசலில் நான் போட்டிருந்த மேசைமேல் குவியல் ஏறிக்கொண்டே போயிற்று. பிறகு கையுறையைக் கழற்றி, தூரிகையை எடுத்துத் தன் பேரை எழுதினார். எழுதிய கை நிற்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு பேர். அதற்குக் கீழே இன்னொன்று.

"தலைவரே, இது ஹிசாயோ அக்கா பேராச்சே" என்றேன்.

"ஆமாம்மா. நேத்து கூட்டம் போட்டுப் பேசினோம்." அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "கிறிஸ்துமஸும் அதுவுமா நீங்க குடும்பமா இருப்பீங்க. கண்காட்சி கண்காட்சின்னு அலைஞ்சு களைச்சும் போயிருப்பீங்க. இந்தப் பனியில நாங்க எல்லாரும் திமுதிமுன்னு வந்து நின்னா உங்களுக்குத்தான் தொந்தரவு. அதான் எல்லார் பேர்லயும் நானே வந்துட்டேன். ஊரே வந்தாச்சு, சிகுசா."

கடைசிப் பேரையும் எழுதி முடித்து ஆழமாகக் குனிந்தார். தொப்பியிலிருந்து ஒரு பனிக்கட்டி மேசையில் விழுந்தது. கொட்டகைக்குள் ஒருமுறைகூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு காலிச் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு போனார்.

பதிலுக்குக் குனிந்திருந்த அம்மா அவர் போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நல்ல மனசு" என்றார் அப்பா. "நல்ல மனசாலேயே அடிச்சுட்டாங்க. சண்டை போடவும் முடியாது."

"இனிமே யாரும் வர மாட்டாங்களாப்பா?"

"அதான் ஊரே வந்தாச்சே. மறுபடியும் வந்தா தலைவரை அவமதிச்ச மாதிரி ஆயிரும்."

நான் கேக்கைப் பார்த்தேன். உள்ளே வரிசையாக நின்ற பலகைகளைப் பார்த்தேன். அழுகை வந்தது. அம்மா அழவில்லை. பரிசுக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முள்ளங்கியை எடுத்து, அதன் எடையைச் சோதிப்பதுபோலக் கையில் ஏந்தினாள்.

"தெப்பெய், வாங்கினா பதிலுக்குக் கொடுக்கணும் இல்ல?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"கொடுக்கணும்தான். புத்தாண்டு போகட்டும். துண்டோ சோப்போ ஏதாவது வாங்கி..."

"இன்னிக்கே கொடுக்கணும். நேர்ல. அவங்கவங்க வாசல்ல." முள்ளங்கியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நாகி, கேக்கை வெட்டு. வீட்டுக்கு ஒரு பொட்டலம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பழம் இருக்கணும்."

சொல்லிக்கொண்டே போய் முதல் பலகையைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"உனக்குப் பைத்தியமா? ஈரம் பட்டா பசை விட்டுரும். நாளைக்கு வண்டிக்காரன் வந்து வெறும் பலகையை ஏத்திட்டுப் போவான்."

"பனி நின்னிருக்கு. போர்வை சுத்தி, மேல தார்ப்பாய் போடலாம். நீங்க மண் ஏத்துற சறுக்குப் பலகை எங்க?"

"நடுவுல மறுபடியும் பிடிச்சுக்கிச்சுன்னா?"

"பிடிச்சா பாத்துக்கலாம். ஊர் பாக்காம இது போகாது."

அப்பா வீட்டுக்குள் போய்ப் போர்வைகளை வாரிக்கொண்டு வந்தார். என் படுக்கைப் போர்வையும் அதில் இருந்தது. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, இடையில் கம்பளித் துணி வைத்து அடுக்கினோம். எந்த வீட்டுக்கும் சேராத ஒரு பலகை மட்டும் கொட்டகையிலேயே நின்றது. அதில் பனியும் ஒரு தேவதாரு மரமும் தவிர வேறொன்றும் இல்லை.

முதலில் குவாபாரா வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் அப்போதுதான் பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தவரின் முகத்தில் கலவரம்.

"ஏதாவது விட்டுட்டு வந்துட்டேனா?"

"மரியாதைக்கு வந்தோம்" என்று அம்மா கேக் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் மண்டியிட்டு வாங்கிக்கொண்டார். வாங்கி நிமிர்வதற்குள் அம்மாவும் அப்பாவும் பலகையை அவர் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள்.

"ஐயோ, எனக்குப் படமெல்லாம்..."

"படம் பாக்க வேண்டாம் தலைவரே. உங்க வீடு சரியா வந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

அது வேறு விஷயம். வீட்டுக்காரர் என்ற முறையில் அவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். பார்த்தார். கூரையைப் பார்த்தார், கொல்லைக் கதவைப் பார்த்தார், பிறகு வடக்குச் சுவரிடம் போய்க் கண் நின்றுவிட்டது.

"இந்த ஏணி..." என்றார். "இது போன ஜனவரி. பனி தள்ளப் போயி முதுகு பிடிச்சுக்கிட்டு, ஏணியைக்கூட எடுக்க முடியாம கிடந்தேனே, அப்ப." உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வா. நம்ம ஏணியைப் போட்டிருக்கா."

அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். "இப்படியேவா ஓட்டல்ல மாட்டப் போறாங்க? அன்னிக்கே சொன்னேன், யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கன்னு. இப்ப ஊர் உலகமே பாக்கப் போகுது."

"உலகம் பாத்தா பாக்கட்டும். ஏணி நல்லாத்தானே இருக்கு." கண்ணாடியைக் கழற்றாமலே அவர் சறுக்குப் பலகையை எட்டிப் பார்த்தார். "அடுத்தது யாரு? ஹிசாயோவா? அவ வீட்டை எப்படிப் போட்டிருக்கே?"

"அவங்க பாத்த பிறகுதான் மத்தவங்க."

குவாபாரா யோசித்தார். பிறகு பூட்ஸைத் தேடினார். "தலைவர்ங்கிற முறையில நானும் வரேன்."

ஹிசாயோ அக்கா கதவைத் திறந்ததும், "நான் வரலைன்னு கோவமா?" என்றாள். கேக்கை வாங்கிக்கொண்டு வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். அம்மாவும் அப்பாவும் பலகையைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். அம்மா இறக்கவில்லை.

"பாரு ஹிசாயோ" என்றார் குவாபாரா பின்னாலிருந்து. "கடிக்காது."

அவள் தலை நிமிர்ந்தாள். படத்தில் அவள் வீட்டுக் கூரைமேல் மட்டும் பனி மலையாகக் குவிந்திருந்தது. கீழே சமையலறை ஜன்னலில் மங்கலான மஞ்சள்.

"இவ்வளவு பனியையா விட்டுவெச்சிருந்தேன்" என்றாள். "அவரு ஆஸ்பத்திரியில இருந்த கடைசி மாசம். நான் அங்கேயே கிடந்தேன்." ஜன்னலைக் காட்டினாள். "அப்ப இந்த விளக்கு எப்படி? வீட்ல யாரும் இல்லையே."

"பூனைக்குச் சோறு வைக்க வருவேன்ல" என்றாள் அம்மா. "போகும்போது போட்டுட்டுப் போயிருவேன். சாயங்காலம் உங்க வீடு மட்டும் இருட்டாக் கிடந்தா நல்லாவா இருக்கு?"

ஹிசாயோ அக்கா அம்மாவையே பார்த்தாள். "நீதானா அது. திரும்பி வந்து பாத்தா விளக்கு எரியுது. அணைக்காம போயிட்டேன்னு இத்தனை நாளா என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன்."

அப்பா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழுத்துத் துண்டால் கண்ணைத் துடைத்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே எங்களோடு இறங்கி வந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஆள் கூடிக்கொண்டே போனது. தங்கள் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அடுத்தவர் வீட்டைப் பார்க்காமல் முடியவில்லை. யார் வீட்டில் விறகு ஒழுங்காக அடுக்கவில்லை, யார் காரைப் பனிக்குள் புதைய விட்டார்கள் என்று ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே நடந்தார்கள். ஒரு வீட்டில், உள்ளாடை காயப்போட்டதை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றாள் அம்மா.

மேட்டுச் சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் மறுபடியும் பனி பிடித்துக்கொண்டது. ஈரப் பனி. ஹிசாயோ அக்கா குடையைச் சறுக்குப் பலகைமேல் பிடித்தாள். இன்னும் இரண்டு குடைகள் வந்தன. குவாபாரா மழைக்கோட்டைக் கழற்றித் தார்ப்பாய்மேல் விரித்தார். ஆனால் நடுச்சாலையில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. மேலிருந்து வருவதைக் குடை தடுக்கும். கீழிருந்து, பக்கத்திலிருந்து, முழங்கால் உயரத்துக்குத் தெறிக்கிற துருத் தண்ணீரை என்ன செய்வது? பலகைகள் இருந்ததும் அந்த உயரத்தில்தான்.

"இதுக்குமேல வேண்டாம், சிகுசா" என்றார் அப்பா. "பாதி ஊர் பாத்தாச்சு. போதும்."

"பாதி ஊர் போதாது. ஒவ்வொண்ணா தலைக்கு மேல தூக்கிட்டுப் போறேன்." அம்மா கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

குவாபாரா அந்தக் குழாய்களை இயக்கும் சாலையோர மின்பெட்டியைப் பார்த்தார். அதன் சாவி தலைவரிடம்தான் இருக்கும். பனி விழும்போது தண்ணீரை நிறுத்தியதாக இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை. அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தடவினார்.

"நிறுத்தினா சாலை மூடிக்கும் தலைவரே" என்று யாரோ சொன்னார்கள்.

"மூடினா அள்ளுவோம். நமக்கு அள்ளத் தெரியாதா என்ன?"

பெட்டியைத் திறந்து விசையைத் தட்டினார். நீர்வரிசை தணிந்து, குழாய் வாயில் ஒருமுறை குமிழியிட்டு அடங்கியது. குளிர்காலம் முழுவதும் கேட்டுக்கொண்டேயிருந்த சத்தம் இல்லாமல் போனதும் ஓசுகி வேறு ஊர்போல இருந்தது. எதிர்ப்புற வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. தண்ணீர் ஏன் நின்றது என்று கேட்க வெளியே வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

"எங்க வீடும் இருக்கா?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லா வாசலுக்கும் போய்விட்டு வந்தபோது மதியம் தாண்டியிருந்தது. ஊர் முழுவதும் எங்கள் பின்னால் கொட்டகைக்குள் நுழைந்தது. வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒரு பலகையின் ஓரத்தில் மட்டும் நீர் பட்டுக் கொஞ்சம் நிறம் கலங்கியிருந்தது. அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்து, பரவாயில்லை என்று மாட்டினாள்.

குவாபாரா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டின் பேரையும் முணுமுணுத்தபடி நடந்தார். திடீரென்று நின்றார். இரண்டடி பின்னால் வந்தார்.

"சிகுசா, என் வீட்டுக்கும் ஹிசாயோ வீட்டுக்கும் நடுவுல இது யாரு?"

"அது பனி. தேவதாரு."

"பனியா? அங்க நீங்கல்ல இருக்கீங்க."

நீகாதாவில் யாரும் அதைக் கேட்கவில்லை. மலையடி நகரத்திலும் கேட்கவில்லை. நானும் அப்பாவும்கூடக் கேட்டதில்லை. அம்மாவின் முகம் காதுவரை சிவந்தது.

"எங்க வாசல்ல நின்னுதான் எல்லாத்தையும் வரைஞ்சேன். அங்கிருந்து பாத்தா எங்க வீடு தெரியாதே."

"எங்களுக்குத் தெரியுதே" என்றார் குவாபாரா. "ஊர் பாக்கணும்னு நீதானே சொன்னே? பாத்துட்டோம். ஒரு வீடு குறையுது. இப்படியே போகக் கூடாது."

"நாளைக்கு வண்டி வருது தலைவரே."

"நாளைக்குத்தானே வருது. இன்னிக்கு என்ன?"

அம்மா அந்தப் பலகையின் முன்னால் நின்றாள். வெளியே பனி விழும் வெளிச்சத்தில் அவள் அதை முதல் முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "இங்க பசை உறைஞ்சுபோகும். இதை வீட்டுக்குள்ள அடுப்புப் பக்கத்துல வைக்கணும். நாகி, கிண்ணத்தை எடு."

அப்பாவும் குவாபாராவும் பலகையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். நான் பசைக் கிண்ணத்தோடு பின்னால் போனேன். எங்கள் வாசற்படியில் வந்ததும், பழக்க தோஷத்தில், எல்லோரும் ஒரு கணம் நின்றார்கள். ஆனால் பலகை உள்ளே போய்விட்டது. எங்கள் வீடு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஹிசாயோ அக்கா முதலில் உட்கார்ந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்ஸை இழுத்தாள். அது வர மறுத்தது. பின்னால் இருந்தவர் பிடித்து இழுத்துக் கழற்றினார்.

"அந்தக் கிழக்கு ஓரத்துத் தகரம் தொங்குமே, அதைப் போடு" என்று உள்ளே போகும்போதே சொன்னாள்.

"அது மேற்கு ஓரம்" என்றார் குவாபாரா.

"நான் தினமும் எங்க சமையலறையிலிருந்து பாக்கறேன். கிழக்குதான்."

"உனக்குக் கிழக்குன்னா எனக்கு மேற்குதானே."

"தெப்பெய் அண்ணனோட காலுறை கயித்துல விறைச்சு நிக்குமே, அது வேணும்" என்றது இன்னொரு குரல்.

"அது வேண்டாம்" என்றார் அப்பா.

"வேணும்" என்றாள் அம்மா. அடுப்புமேல் பசை இளகத் தொடங்கியிருந்தது. அவள் தூரிகையை நனைத்துக்கொண்டு, "முதல்ல கூரை. சூளைப் புகை எந்தப் பக்கமாப் போகும்?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

என் பூட்ஸைக் கழற்றி வைக்க வாசலில் இடமில்லை. செருப்பு அலமாரிமேல் இருந்த பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தை நகர்த்திவிட்டு அங்கே வைத்தேன்.

மறுநாள் காலை வண்டிக்காரர் வந்தபோது சாலையில் பனி அள்ளியபடி ஊரே நின்றிருந்தது. கடைசிப் பலகை இன்னும் எங்கள் அடுப்பருகே காய்ந்துகொண்டிருந்தது. காயும்வரை உள்ளே வந்து காத்திருக்கச் சொன்னோம். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். வண்டியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஓவியமெல்லாம் தெரியாது என்றார்.

ஹிசாயோ அக்கா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவரருகே வந்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம், பாத்தா போதும்" என்றாள். "பூட்ஸைக் கழட்டுங்க. வரலைன்னா நான் இழுக்கறேன்."